முட்டை ஒவ்வாத பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமா?

புதன்கிழமை தமிழ்நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசி நாள். ஆரணி, தெள்ளார் பக்கத்துத் தறி வீடுகளிலிருந்தும் தாய்மார்கள் கைக்குழந்தையோடு கிளம்புவார்கள். முட்டை தின்றால் உடம்பெல்லாம் தடிப்பு வரும் பிள்ளையின் தாய்க்கு மட்டும் ஒரு தயக்கம்: தட்டம்மை ஊசி ஒத்துக்கொள்ளுமா?

தாராளமாகப் போடலாம். நம் நாட்டில் பெரும்பாலும் போடப்படும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் கிருமிகள் முட்டையில் அல்ல, ஆய்வகத்தில் மனித உயிரணுக்களில் வளர்க்கப்படுபவை. கோழிக்கரு உயிரணுக்களில் தயாராகும் வெளிநாட்டுத் தடுப்பூசிகளையும் முட்டை ஒவ்வாத பிள்ளைகளுக்குப் போடலாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஊசிக்குப் பின் வரும் லேசான காய்ச்சல், வீக்கம் ஒவ்வாமை அல்ல. உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டும் வேலை அது.

கடும் ஒவ்வாமை மிக அரிது. பத்து லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் சிகிச்சை. ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்கத்தான் தடுப்பூசிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். வீட்டு வேலை எவ்வளவு இருந்தாலும் அந்த அரை மணியை விட்டுவிட வேண்டாம். முந்தைய ஊசிக்கு மூச்சுத்திணறல் வந்திருந்தால், செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.