காற்றாலைக்கு முன் காற்றை அளந்துபாருங்கள்

நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 6 மீட்டருக்கு ஏறினால், வேகம் கூடுவது 20 சதவீதம்தான். ஆனால் அந்தக் காற்றிலுள்ள ஆற்றல் சுமார் 73 சதவீதம் கூடிவிடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு! பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் சொந்தக் காற்றாலை போட்டு, அதன் யூனிட்டுகளைக் கரன்ட் பில்லில் கழித்துக்கொள்ளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு, அளவில் நேரும் சிறு பிழையும் பெரிய நஷ்டம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்வதால் இப்பகுதிக்கு இந்தக் கொடுப்பினை. காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணக் காற்றுமானியை 1846-ல் வடிவமைத்தவர் அயர்லாந்தின் தாமஸ் ராபின்சன். அவர் வைத்தது நான்கு கிண்ணம். கிண்ணங்கள் எப்போதும் காற்றின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும் என்று அவர் நம்பினார். கிண்ணத்தின் அளவும் அதைத் தாங்கும் கையின் நீளமும் மாறினால் அந்தக் கணக்கும் மாறும் என்பது பிறகே தெரிந்தது. 1926-ல் கனடாவின் ஜான் பேட்டர்சன் மூன்று கிண்ணமாக்கினார். இன்றும் பெரும்பாலும் அதுதான். திசைக்குத் தனியாக ஒரு வால்தகடு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதுவே அதன் திசை.

இந்தியாவின் காற்றை ஆற்றலுக்காக அளந்து கணக்கெடுத்ததில் அன்னா மணிக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். வானிலைத் துறையிலிருந்து 1976-ல் ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. பெங்களூரில் கருவிப் பட்டறை நடத்தினார். 1983-ல் மூலே என்பவருடன் சேர்ந்து நாட்டின் காற்றாற்றல் தரவுகளை நூலாக்கினார். இன்று அந்த வேலையைச் செய்வது பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம்.

இப்போது சுழலும் பாகமே இல்லாத மீயொலிக் கருவி வந்துவிட்டது. எதிரெதிரே உள்ள முனை ஜோடிகளுக்கிடையே ஒலி போய்வரும் நேர வித்தியாசத்தை வைத்தே வேகம், திசை இரண்டையும் அது சொல்லிவிடும். தரையில் வைக்கும் லைடார், மேலே மிதக்கும் தூசியில் லேசர் பட்டுத் திரும்புவதை வைத்து 100 மீட்டருக்கு மேலும் அளக்கும்.

உயரம்தான் முக்கியம். தரையருகே மரமும் கட்டடமும் காற்றைத் தடுக்கும். மேலே போகப்போக வேகம் கூடும். எவ்வளவு கூடும் என்பது இடத்துக்கு இடம் வேறு. பழைய காற்றாலையைக் கழற்றிவிட்டுப் பெரியது நிறுத்த நினைப்பவர்கள் 25 மீட்டர் கம்பத்தில் அளந்த பழைய கணக்கை நம்ப வேண்டாம். புதிய இறக்கை சுழலப்போகும் உயரத்தில், ஒரு முழு ஆண்டாவது அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.