எலும்பு கரையும் இடத்தில் என்ன சாப்பிடுவது?

சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் இயந்திரம் ஒன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. 2009-ல் அது அடைத்துக்கொண்டு நின்றுபோனது. உள்ளே படிந்து இறுகியிருந்தது கால்சியம் சல்பேட். வீரர்களின் எலும்பு கரைந்து சிறுநீரில் கூடுதலாக இறங்கிய கால்சியம்தான் அதற்குக் காரணம்.

விண்வெளியில் உடல் எடையைச் சுமக்கும் வேலை இல்லாததால், தடுப்பு நடவடிக்கை இல்லாவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தியை இழக்கக்கூடும். திரும்பி வந்து ஓராண்டு ஆன பிறகும், 17 பேரில் 9 பேருக்குக் காலெலும்பு முழுதாகத் தேறவில்லை என்கிறது 2022-ல் வெளியான ஓர் ஆய்வு.

கால்சியம் மாத்திரை போட்டால் போதாதா? போதாது. எலும்பிலிருந்து ரத்தத்தில் கால்சியம் சேரச் சேர பாராதைராய்டு ஹார்மோன் குறைகிறது. அதனால் வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதும் குறைய, உண்ட கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. கூடவே சிறுநீரகக் கல் அபாயம் வேறு.

நாசாவின் ஸ்காட் ஸ்மித், சாரா ஸ்வார்ட் குழு வீரர்களின் சாப்பாட்டுத் தட்டையே ஆராய்ந்தது. மீன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு இழப்பு குறைவாக இருந்தது. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும் என்பதால் விண்வெளி உணவுகளில் உப்பைக் குறைத்தார்கள். கடுமையான எடைப் பயிற்சியோடு, வயிறாரச் சாப்பாடும் வைட்டமின் டி-யும் கிடைத்த வீரர்கள் எலும்பின் அடர்த்தியைக் காத்துக்கொண்டதை 2012-ல் பதிவு செய்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வயிறாரச் சாப்பாடுதான். முந்தைய பயணங்களில் பலர் தேவையைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள்.

இப்போது பார்வை குடலுக்குத் திரும்பியிருக்கிறது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் கால்சியம் உறிஞ்சலுக்கு உதவுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட் எலும்பை அரிக்கும் செல்களை அடக்குவது எலிகளில் தெரிந்திருக்கிறது. 340 நாட்கள் விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் ஸ்காட் கெல்லியின் குடல் பாக்டீரியாக்களின் விகிதம் மாறி, பூமிக்கு வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. விண்வெளியில் வாழ்ந்த எலிகளின் குடலிலும் மாற்றம் கண்டு, அதை எலும்பு மாற்றத்தோடு இணைத்துப் பார்த்தது 2023-ல் வந்த ஆய்வு. மனிதர்களில் இந்தத் தொடர்பு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் விட்டுவிடக்கூடிய தடயமல்ல.

குடல் பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்துள்ள உணவு வேண்டும்; நிலையத்தின் சாப்பாடோ பெரும்பாலும் உலர்த்தியதும் சூடாக்கிக் கிருமி நீக்கியதும்தான். அங்கேயே முளைத்த சிவப்பு லெட்டூஸ் கீரையை 2015-ல் வீரர்கள் சாப்பிட்டார்கள். செவ்வாய்க்குப் போய்வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். அந்தக் கப்பலில் கீரைப் பாத்திக்கும் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.