பெடியனுக்கு முதல் றேசர் வாங்கும்போது

மீசை அரும்பிய பெடியனுக்கு எந்த றேசர் வாங்குவது என்ற கேள்வி வந்தால் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும். அம்மா பிளாஸ்ரிக் றேசரின் பக்கம் நிற்பார். "அந்த இரும்பு றேசர் முகத்தைக் கிழிச்சுப்போடும்" என்பார். அப்பப்பா இருந்தால், தான் வாழ்நாள் முழுதும் பாவித்த இரட்டை விளிம்பு றேசரை எடுத்து நீட்டுவார். கிளிநொச்சியின் உருத்திரபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மூன்றாவது வகை வீடும் நிறைய உண்டு. காட்டித்தர அப்பாவும் இல்லை, அப்பப்பாவும் இல்லை. அந்த வீட்டுப் பெடியன் கண்ணாடிக்கு முன்னால் தானாகவே பழகுகிறான். இந்தக் கட்டுரை முதலில் அவனுக்குத்தான்.

என் கட்சி அந்த இரட்டை விளிம்பு இரும்பு றேசர். அது முகத்தைக் கிழிக்கும் என்ற பேச்சு பொய்யல்ல. அவசரக்காரனையும் அழுத்துகிறவனையும் கிழிக்கும். பழகியவனின் தோலுக்கு அதைவிட இதமான கருவி குறைவு.

ஒற்றை அலகு ஏன் நல்லது

கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கருக்கு 1904 நவம்பர் 15இல் இந்த றேசருக்கான காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே விற்பனை தொடங்கிய முதல் வருடமான 1903இல் விற்றவை வெறும் 51 றேசர்களும் 168 பிளேட்டுகளுமே. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட பிறகுதான் உலகம் முழுதும் பரவியது. அலகை இரண்டு தட்டுகளுக்கு இடையில் இறுக்கி, விளிம்பை மட்டும் மயிரிழையளவு வெளியே விடுவதுதான் அதன் சூட்சுமம். கத்தி பிடிக்கத் தெரியாதவனும் தன் முகத்தைத் தானே வழிக்க அது வழிசெய்தது.

மூன்று, ஐந்து அலகு கொண்ட புதிய றேசர்களில் முன் அலகு மயிரை இழுத்துத் தூக்க, பின் அலகு வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடும். தொட்டுப் பார்க்க வழுவழுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் நம்மில் பலருக்குத் தாடி மயிர் சுருண்டு வளர்வது. அது வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்திக்கொண்டு உள்ளே வளரும். கழுத்தில் சிவந்து, பிறகு கறுத்து நிற்கும் குருக்களில் பல இப்படி வந்தவை. ஒற்றை அலகு மயிரைத் தோலின் மட்டத்தில் வெட்டுவதால் அந்தத் தொல்லை குறையும்.

தண்ணீரும் நுரையும்

காய்ந்த தாடியில் றேசரை வைப்பது பெரிய பிழை. மயிர் தண்ணீரை உறிஞ்சி மென்மையாவதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். கிணற்றடியில் குளித்த கையோடு சேவ் எடுப்பதே சுலபமான வழி.

வன்னியில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதென்றால் உங்கள் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூட. அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து திரையாகிவிடும், நுரை நிற்காது. கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிய வைத்தெடுத்த ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், நுரை மாறுவதைக் காண்பீர்கள். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் அதைவிட நல்லது. சவர்த் தண்ணீருக்கு மட்டும் கொதிக்க வைப்பதால் பயனில்லை, உப்பு போகாது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை முகத்தில் பூசாதீர்கள். அது தோலின் எண்ணெயை உரித்துவிடும்.

கை பழகும் விதம்

பிளேட்டை அதன் கட்டையான இரு முனைகளில் பிடித்துப் பொருத்துங்கள், விளிம்பில் விரல் வைக்க வேண்டாம். பிடியை முழுக்க இறுக்குங்கள். இரு பக்கமும் விளிம்பு ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடத் தெரிந்தால் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்.

அடுத்தது மயிர் வளரும் திசை. இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் திசை, அரம்போல் தடுத்தால் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது. பக்கவாட்டாகவும், கீழிருந்து மேலாகவும், சிலருக்குச் சுழியாகவும் இருக்கும். கழுத்துக் குருக்களால் அவதிப்படுகிற பலர் தங்கள் கழுத்து மயிர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இனிக் கோணம். றேசரின் மேல்தட்டைக் கன்னத்தில் வையுங்கள். பிடி முகத்திலிருந்து நேரே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அலகு தோலில் படாது. பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். மயிர் வெட்டுப்படும் சரசரப்பு கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அலகுக்கும் தோலுக்கும் இடையில் ஏறத்தாழ 30 பாகை. அதற்குப் பிறகு அழுத்தவே கூடாது. றேசரின் சொந்தப் பாரம் போதும். பிளாஸ்ரிக் றேசரில் பழகியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாரமில்லாத அந்தக் கருவியை அழுத்தியே அவர்கள் கை பழகியிருக்கும்.

ஒரு அங்குலத்துக்கு மேல் இழுக்காமல் சின்னச் சின்னதாக வழியுங்கள். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். பாண் வெட்டும் கத்தியைப்போல் அலகைப் பக்கவாட்டில் இழுத்தால் நிச்சயம் வெட்டும். நுரை போன இடத்தில் திரும்ப ஓட்டுவதென்றால் திரும்ப நுரை பூசுங்கள். முதல் சில வாரங்கள் கன்னத்தை மட்டும் இந்த றேசரால் வழித்து, நாடியையும் கழுத்தையும் கை படிந்த பிறகு தொடலாம். எதிர்த்திசையில் வழிப்பதற்கு அவசரமில்லை. குரு வரும் தோலுக்கு அது வேண்டவே வேண்டாம். முகப்பருவின் மேலால் அலகை ஓட்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரால் கழுவி ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். சின்ன வெட்டுக்கு நனைத்த சீனாக்காரம் போதும். நிற்காத இரத்தத்துக்குச் சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வாபரின் போன்ற மருந்து குடிப்பவர்களுக்கு மின்சாரச் சவரக் கருவியே பாதுகாப்பு. பிளேட்டை ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் மாற்றுங்கள். இழுக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே.

அந்தியேட்டித் தாடி

செத்தவீட்டுத் துடக்குக் காத்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மாதத் தாடி இருக்கும். அதை நேரே றேசரால் எடுத்தால் மயிர் அலகில் சிக்கி இழுபடும், தோலும் காயப்படும். முதலில் கத்தரிக்கோலாலோ மெசினாலோ ஒட்ட வெட்டிவிட்டு, நன்றாக ஊறவைத்து, புதுப் பிளேட்டால் எடுக்க வேண்டும்.

தழும்புள்ள முகங்கள்

செல்துண்டு பட்ட முகத்தோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர். தழும்புத் தோல் மேடு பள்ளமாக இருக்கும், உணர்ச்சியும் குறைவு. வெட்டுப்பட்டாலும் உடனே தெரியாது. அந்த இடத்தைத் தட்டையாக இழுத்துப் பிடித்து வழியுங்கள். தடித்துப் புடைத்த தழும்பென்றால் அதைத் தொடாமல், சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து விடுங்கள். தோலுக்கடியில் துண்டு இருக்கும் இடம் வீங்கினாலோ, நொந்தாலோ, சீழ் வடிந்தாலோ கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள்.

ஒரு கையை இழந்தவர்களுக்குப் பிளேட் பூட்டுவதுதான் கஷ்டம். பிடியைத் திருகினால் மேல்தட்டு இரண்டு கதவாகத் திறக்கும் றேசரும் உண்டு. அது அவர்களுக்கு ஏற்றது. தோலை இழுக்கக் கை இல்லாவிட்டால் கன்னத்தை உப்பியும், நாக்கால் உள்ளிருந்து தள்ளியும், தலையைச் சாய்த்தும் தோலை இறுக்கலாம். பார்வையிழந்தவர்களுக்கு அலகின் சத்தமே வழிகாட்டும். சத்தம் நின்ற இடத்தில் மயிர் இல்லை.

வயலுக்குப் போகிறவர்கள்

இரணைமடு வாய்க்கால்கள் ஓடும் ஊரில் எலிக்காய்ச்சலை விட்டுவிட்டுச் சவரம் பற்றி எழுத முடியாது. அதன் கிருமி எலியின் சிறுநீரோடு வயல் தண்ணீரில் கலந்து, தோலிலுள்ள வெட்டுகளாலும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் போகும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் காவுகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விடியற்காலை சேவ் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களோடு வயலில் இறங்கி, வியர்வைக்கு வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடிப்பது கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை. காலபோக நாட்களில் சவரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். வயல் வேலை செய்பவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகக் கிடைக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் வைத்தியசாலைக்குப் போய், வயலில் நின்றதையும் சொல்லுங்கள்.

ஒருவருக்கு ஒரு றேசர்

அண்ணனும் தம்பியும் ஒரே பிளேட்டைப் பாவிப்பது சிக்கனமல்ல. ஹெப்பரைற்றிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும்கூட, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளில் அதற்கான ஊசி சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சலூனில் புதுப் பிளேட்டை உங்கள் கண்முன்னே கடதாசியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல சிகையலங்கரிப்பாளர் கோபிக்க மாட்டார். எல்லோர் முகத்திலும் தேய்த்த சீனாக்காரக் கட்டியையும் மறுத்துவிடுங்கள்.

பழைய பிளேட்

வளவுக் குப்பையோடு பிளேட்டை எரிக்காதீர்கள். பிளேட் எரியாது, சாம்பலோடு தோட்டத்துக்குப் போய், வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கும் மேயும் மாட்டுக்கும் காத்திருக்கும். வெறுமையான மீன் ரின்னையோ பால்மா ரின்னையோ மூடி, ஒரு பிளேட் நுழையுமளவு கீறல் போட்டு வைத்தால் பல வருடத்துக்குக் காணும். ரின் நிறைந்ததும் கீறலை ஒட்டி மூடி, பழைய இரும்பு எடுக்க வருபவரிடம் கொடுங்கள். உள்ளே பிளேட் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிக் கொடுங்கள்.