மீன் தொட்டியில் ஒரு அம்மை!

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். பொம்மை, அகல் விளக்கு என்று சூளையிலிருந்து இறங்குகிற சரக்கு பல ஊர்களுக்குப் போகிறது. பீங்கான் தொழில் படிக்கவென்றே தனிப் பயிலகம் வைத்திருக்கிற ஊர். அந்த ஊர் மீன் தொட்டியில் ஒரு பீங்கான் பொம்மை உட்கார்ந்திருந்தால் ஆச்சரியமா என்ன? பொம்மைக்கு நோய் வராது. அதைச் சுற்றிச் சுற்றி வருகிற கோல்டு ஃபிஷ்ஷுக்கு வரும். வந்தால் ஒரே வாரத்தில் தொட்டி காலியாகிவிடலாம்!

"அப்பா, மீன் மேல உப்புத் தூவின மாதிரி இருக்குப்பா!" என்று வீட்டில் குரல் கேட்டால் உஷாராகிவிடுங்கள். அது வெள்ளைப்புள்ளி நோய். நம் வீட்டு அம்மை மாதிரியே தோன்றும், மாதிரியே பரவும்.

எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கி வருவதுதான். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம் சென்னை கொளத்தூர். அங்கே மாதிரி மொத்த வியாபார இடங்களில் ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பையில் ஏறுகிற மீன், ரெண்டு மூணு கை மாறித்தான் நம் ஊர்க் கடைக்கு வருகிறது. போகிற இடமெல்லாம் வேறு வேறு மீன்களோடு தண்ணீரில் பங்கு. பயணக் களைப்பு வேறு. பார்க்கப் பளபளவென்று இருக்கும். கிருமி செவுளுக்குள் ஒளிந்திருக்கும்.

இந்தக் கிருமியின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கேளுங்கள். மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடும். அதுதான் நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி. பிறகு கழன்று கீழே விழுந்து, கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று நூறாகப் பிரியும். வெளியே வந்த குட்டிகள் ரெண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று முழுக்க நாலைந்து நாளில் முடிந்துவிடும்.

மருந்து வேலை செய்வது அந்தக் குட்டிகள் நீந்துகிற நேரத்தில் மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. இது தெரியாமல், "புள்ளி போயிடுச்சு, மருந்து போதும்" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். புள்ளி குணமாகவில்லை ஐயா... கீழே இறங்கிக் குட்டி போடப் போயிருக்கிறது! இன்னும் சிலர் மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி உடைத்துக் கொட்டுகிறார்கள். வெள்ளைப்புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வருமுன் காப்பதற்கு நம் பாட்டிகள் வழி தெரிந்தவர்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், வேற்று ஆள் உள்ளே வரமாட்டார். அட்ரியாடிக் கடலோர ரகூசா நகரத்தில் 1377-ல் இதையே சட்டமாகப் போட்டார்கள். பிளேக் ஊரிலிருந்து வருகிறவர் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும். புது மீனுக்கும் அதே கதிதான். தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி வலை. மூணு வாரம் அங்கேயே இருக்கட்டும். கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தீனி போடும்போது பழைய தொட்டிக்கு முதலில், புது டப்புக்குக் கடைசியில். வலையை நன்றாகக் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். ஈரம் வற்றினால் வெள்ளைப்புள்ளிக் கிருமி தாங்காது. விருத்தாசலத்து வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம்!

பொம்மைக்கு வருவோம். மெருகு ஏற்றிச் சுட்ட பொம்மையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கிக் கழுவி, காயவைத்து மறுபடி உள்ளே வைக்கலாம். மெருகில்லாத மண் பொம்மை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். சுத்தம் செய்வது கஷ்டம். சுட்ட பிறகு பெயிண்ட் அடித்த கொலு பொம்மை கொலுவிலேயே இருக்கட்டும். ஃபில்டருக்குள் போடுகிற துளைத் துளையான பீங்கான் வளையங்களை மட்டும் பளிச்சென்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அந்தத் துளைகளில் குடியிருக்கிற நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியா விஷத்தை முறிக்கிறது. அது போனால் மீன் சோர்ந்து, அடுத்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடும். மெத்திலீன் புளூவும் இந்த பாக்டீரியாவைக் கொல்லும். அதனால் வைத்தியமெல்லாம் தனி டப்பில்தான்.

கையில் வெட்டுக் காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீனுக்கு வருகிற ஒரு வகைக் காசநோய்க் கிருமி, மனிதத் தோலிலும் ஆறாத புண்ணாக உட்கார்ந்துகொள்ளும். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

"மீனுக்கு உடம்பு சரியில்லை, பாவம், ஏரியில் விட்டுடலாம்" என்று இரக்கப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980-களின் கடைசியில் ஒரு புண் நோய் இலங்கை மீன்களைத் தாக்கியது. 1988-ல் வங்கதேசத்திலும் இந்தியாவின் வடகிழக்கிலும் புகுந்தது. 1990-களின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. உடம்பெல்லாம் குழிப்புண்ணோடு விரால்கள் மிதந்தன. பல இடங்களில் ஜனங்கள் மீன் வாங்கவே பயந்தார்கள். நஷ்டம் மீனவர் தலையில். நாடு விட்டு நாடு தாவியதில் அலங்கார மீன் வியாபாரத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள்.

ஆகவே செத்த மீனை மண்ணில் புதையுங்கள், மணிமுத்தாற்றில் வேண்டாம். தொட்டித் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றினால் நல்ல உரம். உப்புப் போட்ட தண்ணீர் என்றால் மட்டும் ஊற்றாதீர்கள்... செடி வாடிவிடும்!