கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளித் தொடக்க ஆண்டுகளும் கல்லூரிச் சேர்க்கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 12ஆம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் அப்படி ஒரே ஆண்டின் பொதுத்தேர்வு முடிவு செய்வதில்லை. பல ஆண்டுகளில் பெற்ற தரங்களும், மாணவர் எந்தெந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் சேர்ந்தே பார்க்கப்படுகின்றன. விண்ணப்பம் 12ஆம் வகுப்பின் தொடக்க மாதங்களிலேயே அனுப்பப்படுவதால், அப்போது கையில் இருப்பவை முந்தைய மூன்று ஆண்டுகளின் தரங்களே.

ஒன்பதாம் வகுப்பு எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. விதிகள் தெளிவாக எழுதப்பட்டுள்ள கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொண்டால் இதைப் புரிந்துகொள்வது எளிது.

தரமும் சராசரியும்

பாடங்களுக்கு ஏ, பி, சி, டி, எஃப் என்ற எழுத்துத் தரங்கள் வழங்கப்படுகின்றன. ஏ தரத்துக்கு 4 புள்ளிகள், பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2, டி தரத்துக்கு 1, எஃப் தரத்துக்கு 0. இவற்றின் சராசரியே ஜிபிஏ எனப்படுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்கான சராசரியைத் தானே தனியாகக் கணக்கிடுகிறது. 9ஆம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறை முதல் 11ஆம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறை வரை படித்த பாடங்கள் மட்டுமே அதில் சேரும். 9ஆம் வகுப்புத் தரங்கள் அந்தச் சராசரியில் இடம்பெறுவதில்லை. மாநிலத்தில் வசிப்பவருக்குக் குறைந்தபட்சம் 3.0, வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 3.4 தேவை. இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற வளாகங்களில் இடம் பெறுவோரின் சராசரி இதைவிட மிக அதிகம்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவரின் சராசரி 9ஆம் வகுப்பில் 2.8, 10ஆம் வகுப்பில் 3.4, 11ஆம் வகுப்பில் 3.8 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் அவர் ஒரே எண்ணிக்கையில் பாடங்கள் படித்திருந்தால், மூன்று ஆண்டுகளின் சராசரி ஏறத்தாழ 3.33 ஆகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணக்கில் அது 3.6.

இதைக் கேள்விப்படும் பலர், 9ஆம் வகுப்பில் எப்படிப் படித்தாலும் கவலையில்லை என்று எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. சராசரியில் சேராத ஆண்டு, தகுதிக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது.

ஏ–ஜி பாடத் தகுதி

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகச் சேர, ஓராண்டு அளவுள்ள 15 பாடங்களைக் குறைந்தது சி தரத்துடன் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 11 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏ முதல் ஜி வரையிலான ஏழு பிரிவுகளில் இவை அமைந்துள்ளன:

ஏ – வரலாறு: 2 ஆண்டுகள்
பி – ஆங்கிலம்: 4 ஆண்டுகள்
சி – கணிதம்: 3 ஆண்டுகள்
டி – அறிவியல்: 2 ஆண்டுகள்
ஈ – ஆங்கிலம் அல்லாத மொழி: 2 ஆண்டுகள்
எஃப் – காட்சி மற்றும் நிகழ்த்து கலைகள்: 1 ஆண்டு
ஜி – விருப்பப் பாடம்: 1 ஆண்டு

கணிதத்தில் 4 ஆண்டுகள், அறிவியலில் 3, மொழியில் 3 என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆங்கிலம் மட்டுமே நான்கு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 9ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் டி தரம் பெற்றவர் அதைச் சரிசெய்தாக வேண்டும். கோடை வகுப்பிலோ பிறகோ அப்பாடத்தை மீண்டும் படிக்கலாம். கணிதத்திலும் பிற மொழியிலும் இன்னொரு வழி உண்டு: அடுத்த நிலைப் பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் பெற்றால், பெரும்பாலும் அது கீழ்நிலைப் பாடத்தின் குறையை ஈடுசெய்யும்.

பள்ளிச் சான்றிதழும் பல்கலைக்கழகத் தகுதியும்

பல குடும்பங்கள் தாமதமாக அறியும் செய்தி ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பை முடிப்பதும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல. மாநிலச் சட்டப்படி பள்ளி முடிக்க இரண்டு ஆண்டுக் கணிதமும் மூன்று ஆண்டு ஆங்கிலமும் போதும். மாவட்டங்கள் இதற்கு மேல் கூடுதல் நிபந்தனைகள் வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகமோ மூன்று ஆண்டுக் கணிதமும் நான்கு ஆண்டு ஆங்கிலமும் கேட்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 2005ஆம் ஆண்டு ஏ–ஜி பாடங்களை எல்லா மாணவருக்கும் உரியதாக்கத் தீர்மானித்தது. ஆனால் பள்ளி முடிக்க அப்பாடங்களில் டி தரமே போதும் என்று பின்னர் வகுக்கப்பட்டது. ஆகவே அதே பாடங்களைப் படித்துச் சான்றிதழ் பெற்ற ஒருவர், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியற்றவராகவும் இருக்கக்கூடும்.

கணிதப் படிவரிசை

பாடத்தேர்வின் விளைவு கணிதத்தில் மிகத் தெளிவாகத் தெரியும். வழக்கமான வரிசை இது: இயற்கணிதம் 1, வடிவியல், இயற்கணிதம் 2, முன்-நுண்கணிதம், நுண்கணிதம். ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. 9ஆம் வகுப்பில் இயற்கணிதம் 1 தொடங்குபவர் 12ஆம் வகுப்பில் முன்-நுண்கணிதத்தில் நிற்பார். 8ஆம் வகுப்பிலேயே அதை முடித்தவர் 12ஆம் வகுப்பில் நுண்கணிதம் படிப்பார். 9ஆம் வகுப்பில் தோற்று அதையே 10ஆம் வகுப்பில் திரும்பப் படிப்பவர், 12ஆம் வகுப்பில் இயற்கணிதம் 2 முடித்து, மூன்று ஆண்டுத் தேவையை மட்டும் எட்டுவார். இடையில் கோடை வகுப்பு எடுத்தோ, ஒரே ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்கள் படித்தோ ஒரு படி முன்னேறலாம்.

இதனால்தான் இயற்கணிதம் எந்த வகுப்பில் தொடங்க வேண்டும் என்பது அங்கு பொது விவாதமாகிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014இல் இயற்கணிதம் 1 பாடத்தை அனைவருக்கும் 9ஆம் வகுப்புக்கு மாற்றியது. பெற்றோர் எதிர்ப்புக்குப் பின், 2024இல் அதை 8ஆம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது.

உயர்நிலைப் பாடங்களும் கூடுதல் புள்ளியும்

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் எனப்படும் ஏபி பாடங்கள் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் அமைந்தவை. இவற்றிலும் அங்கீகரிக்கப்பட்ட பிற உயர்நிலைப் பாடங்களிலும் சி அல்லது அதற்கு மேல் பெற்றால் ஒரு புள்ளி கூடும். ஏபி பாடத்தில் பெற்ற பி தரம், சாதாரணப் பாடத்தில் பெற்ற ஏ தரத்துக்குச் சமமாக 4 புள்ளிகள் பெறும். கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 பருவங்களுக்கே உண்டு. அவற்றில் 10ஆம் வகுப்பைச் சேர்ந்தவை 4 பருவங்களுக்கு மேல் இருக்கக்கூடாது.

எஸ்ஏடி, ஏசிடி தேர்வு மதிப்பெண்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இப்போது சேர்க்கைக்குப் பயன்படுத்துவதில்லை. ஆகவே தரங்களுக்கும் பாடங்களின் கடினத்துக்கும் முன்பைவிட எடை கூடியுள்ளது. எல்லாப் பள்ளிகளிலும் ஏபி பாடங்கள் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதால், மாணவரின் பள்ளியில் இருந்த வாய்ப்புகளை வைத்தே அவரது தேர்வு மதிப்பிடப்படுகிறது. பள்ளியில் இல்லாத பாடத்தைப் படிக்கவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. இருந்தும் தவிர்த்தால் அது கவனிக்கப்படும்.

பிற மாநிலங்களில்

டெக்சாஸ் மாநிலம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளியில் முதல் 10 விழுக்காட்டினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடிச் சேர்க்கை வழங்குகிறது. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் இந்த எல்லை குறைவு. 2026 இலையுதிர் பருவம் முதல் அது 5 விழுக்காடு. தரவரிசையைப் பள்ளியே கணக்கிடுகிறது. 9ஆம் வகுப்புத் தரங்களும் பொதுவாக அதில் சேர்வதால், கலிபோர்னியாவில் கணக்கில் வராத ஒரு சி தரம் டெக்சாஸில் இடத்தையே மாற்றிவிடலாம். பல தனியார் பல்கலைக்கழகங்களும் 9ஆம் வகுப்பு முதலான முழுப் பதிவேட்டைக் கேட்கின்றன.

சறுக்கலும் மீட்சியும்

தொடக்கத்தில் சறுக்கியவருக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பங்களை மதிப்பிடும் 13 கூறுகளில், அண்மைக் காலத்தில் ஏற்பட்ட குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் ஒன்று. மறுபுறம், சேர்க்கை கிடைத்த பின் 12ஆம் வகுப்பில் டி அல்லது எஃப் தரம் பெற்றால் அந்தச் சேர்க்கை திரும்பப் பெறப்படலாம்.

வேறு நாட்டிலிருந்து இடையில் வந்து சேரும் மாணவருக்கு மொழிப் பிரிவு உதவும். ஆங்கிலம் அல்லாத மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் நடுநிலை வகுப்புகளைப் படித்தவர், அதற்கான சான்றைக் காட்டி இத்தேவையை நிறைவு செய்யலாம். தமிழ்வழியில் படித்து அமெரிக்கா செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும்.

நான்கு ஆண்டுகளும் கைநழுவிப் போனவருக்கும் சமுதாயக் கல்லூரி என்ற வழி இருக்கிறது. மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டம் இந்தக் கல்லூரிகளை அனைவருக்கும் திறந்தவையாக வைத்தது. இன்று அவை 116 உள்ளன. அங்கு இரண்டு ஆண்டுகள் படித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்போது பல்கலைக்கழகம் முதன்மையாகப் பார்ப்பது கல்லூரியில் பெற்ற தரங்களையே.