திரும்பி வரத் தெரிந்த ரோபோ

2024 ஆகஸ்ட் 22. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்-இச்சி அணுமின் நிலையத்தில் இரண்டாம் உலையின் முன்னால் ஒரு கருவி தயாராக நின்றது. தூண்டில் கழியைப் போல 22 மீட்டர் வரை நீளக்கூடியது. 2011 சுனாமியைத் தொடர்ந்து உருகிப்போன எரிபொருளில் ஒரு துணுக்கையாவது வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று பதின்மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். கருவியைப் பின்னாலிருந்து உள்ளே தள்ள ஒன்றரை மீட்டர் நீளக் குழாய்கள் ஐந்து. வேலையைத் தொடங்கப் போகும்போதுதான் அந்தக் குழாய்களின் வரிசை மாறிக் கிடப்பது தெரிந்தது. அன்றைய வேலை அத்தோடு நின்றது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். குழாய்களைத் தூக்கி வந்து அடுக்குவது சாதாரண வேலைதானே என்று ஒப்பந்தப் பணியாளர்களிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் வேலை செய்தது கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில். முகம் முழுக்க மூடிய முகமூடி, கனத்த காப்புடை, அளந்து கொடுத்த நேரம். வரிசை சரிதானா என்று நிர்வாகத்தின் தரப்பில் யாரும் நேரில் நின்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 10 அன்று மீண்டும் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் கருவியின் கேமராக்களில் படம் வராமல் போனது. மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், கதிர்வீச்சால் கேமராவின் குறைகடத்திப் பாகங்களில் மின்னூட்டம் தேங்கியிருக்கலாம் என்று நிலையத்தை நடத்தும் மின் நிறுவனம் கருதியது. கேமராக்களை மாற்றி, ஒருவழியாக நவம்பர் 7 அன்று துணுக்கு வெளியே வந்து சேர்ந்தது. எடை சுமார் 0.7 கிராம். மூன்று உலைகளிலும் சேர்த்து இப்படி உருகிக் கிடப்பது சுமார் 880 டன் என்பது மதிப்பீடு.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இந்த வேலையை முடிக்கப்போவது இன்று அங்கே இருக்கும் பொறியாளர்கள் அல்ல. விபத்து நடந்த ஆண்டிலிருந்து 30 முதல் 40 ஆண்டுகளில் நிலையத்தை அகற்றி முடிப்பது என்பது ஜப்பான் அரசின் இலக்கு. அதாவது 2051-க்குள். அன்றைக்குப் பொறுப்பில் இருக்கப் போகிறவர்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

ரோபோ செய்யக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியம் இல்லை. கதிர்வீச்சுக்குள் அனுப்பும் ரோபோ என்றதும் பாடமே மாறிவிடுகிறது.

முதலில் பொருள்களைப் பற்றிய அறிவு. காமா கதிர் குறைகடத்திச் சில்லுக்குள் நுழைந்தால் அதன் ஆக்சைடு படலத்தில் மின்னூட்டம் சிக்கிக்கொள்கிறது. அது சேரச் சேர டிரான்சிஸ்டர்கள் எப்போது இயங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற எல்லை நகர்ந்துபோகிறது. கேமராப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் பரவும், பிறகு படமே மங்கும். எலக்ட்ரானிக்ஸ் மட்டும் கெடுவதில்லை. ரப்பர் வளையம் இறுகி வெடிக்கும். கிரீஸ் கெட்டியாகும். சாதாரணக் கண்ணாடி பழுப்பேறும். எதிலும் ஒட்டாது, எதற்கும் அசையாது என்று நாம் நம்பும் டெஃப்லான் கதிர்வீச்சில் மிகச் சீக்கிரம் நொறுங்கும் பிளாஸ்டிக்குகளில் ஒன்று. இது தெரியாத இளைஞர், நல்ல பொருள் என்று நினைத்து அதையே வாங்கிப் பொருத்திவிடுவார். அனுபவசாலிகள் மோட்டார், பற்சக்கரம் போன்ற முரட்டுப் பாகங்களை மட்டும் உள்ளே அனுப்பி, ‘மூளை’யைக் கேபிளின் மறுமுனையில், சுவருக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள்.

கேபிள் என்றதும் குவின்ஸ் ரோபோவின் கதையைச் சொல்லியாக வேண்டும். சிபா தொழில்நுட்பக் கழகமும் தொஹொக்கு பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய மீட்பு ரோபோ அது. இடிபாடுகளில் ஏறி இறங்கப் பிறந்தது, அணு உலைக்காக அல்ல. தடித்த கான்கிரீட் சுவர்களைத் தாண்டி ரேடியோ அலை போகாது என்பதால் அதற்கு நீண்ட கேபிள் பூட்டினார்கள். 2011 ஜூனில் இரண்டாம் உலைக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் திருப்பம், எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக இருந்தது. ரோபோவால் திரும்ப முடியவில்லை, வேலை முடியாமல் வெளியே வந்தது. அக்டோபர் 20 அன்று அதே கட்டடத்தின் மேல்தளங்களுக்குப் போய் அளவுகளை எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மூன்றாம் தளத்தில் கேபிள் சிக்கி அறுந்தது. குவின்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து 2012 பிப்ரவரியில் அனுப்பிய குவின்ஸ்-2, கேபிளைத் தானே சுருட்டிக்கொள்ளும் அமைப்போடு போனது.

ரோபோவை உள்ளே அனுப்பிவிட்டால் மனிதர் உடலில் கதிர்வீச்சு ஏறாது, அதாவது ‘டோஸ்’ இல்லை என்று பொதுவாக நினைக்கிறோம். அது சரியல்ல. ரோபோவை வாசல்வரை தூக்கிச் செல்பவர் மனிதர். கேபிளைப் பூட்டுபவர், திரும்பி வந்ததும் அதன் சங்கிலிப் பட்டையில் ஒட்டிய கதிரியக்கத் தூசியைத் துடைப்பவர், பேட்டரி மாற்றுபவர் எல்லாரும் மனிதர்கள். நடு வழியில் ரோபோ செத்துப்போனால் அடுத்த ரோபோவுக்கும் வழி அடைபடும். இல்லையென்றால் அதை நகர்த்த ஒருவர் உள்ளே போக வேண்டும். ஆகவே இந்தத் துறையில் வடிவமைப்பு என்பது மனித நிமிடங்களைக் கணக்குப் போடுவதில் தொடங்குகிறது. போல்ட்டை இரண்டு அடுக்குக் கையுறையோடு கழற்ற முடியுமா? கழற்றும்போது அது உருண்டோடிப் போகாமல் இருக்குமா? தூசி தங்கும் மூலைகள் எத்தனை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனற்றது என்பதே என் கருத்து.

2017 பிப்ரவரியில் நடந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். பிப்ரவரி 9 அன்று இரண்டாம் உலைக்குள் பாதையைச் சுத்தம் செய்யப் போன ரோபோவின் கேமராப் படம் இரண்டு மணி நேரத்தில் இருளத் தொடங்கியது. வேலை பாக்கி இருந்தும் அதை இயக்கியவர்கள் உடனே அதை வெளியே இழுத்துவிட்டார்கள். அங்கே கதிர்வீச்சு மணிக்கு 650 சீவர்ட் என்று முதலில் கணித்து, பல மாதங்கள் கழித்து 80 என்று திருத்தினார்கள். 80 என்றாலும் ஆறே நிமிடத்தில் ஒரு மனித உயிரைப் பறிக்கும் அளவு அது. ஒரு வாரம் கழித்துப் போன ‘தேள்’ ரோபோ பாதையில் சிக்கிக்கொண்டது. அதன் கேபிளை வெட்டி, உள்ளேயே விட்டுவிட்டார்கள். முதல் ரோபோவை இயக்கியவர்களின் முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். வேலை முடியாதபோது திரும்பி வரும் மனம் புத்தகத்தில் கிடைப்பதில்லை, பழக்கத்தில்தான் வரும்.

அந்தப் பழக்கத்துக்கு ஜப்பான் ஓர் இடம் கட்டியது. ஃபுகுஷிமா நிலையத்துக்குத் தெற்கே உள்ள நராஹா ஊர். விபத்தின்போது மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டு, 2015 செப்டம்பரில்தான் திரும்பி வர அனுமதி பெற்ற ஊர். அங்கே ஜப்பான் அணுசக்தி முகமை நிறுவிய தொலைவியக்கத் தொழில்நுட்ப மையம் 2016 முதல் முழுமையாக இயங்குகிறது. உலையின் அடிப்பகுதியில் இருக்கும் வளைய அறையின் எட்டில் ஒரு பங்கை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். உயரம் மாற்றக்கூடிய படிக்கட்டு, ரோபோவை மூழ்கவிடும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கதிர்வீச்சு மட்டும் இல்லை. இங்கே ரோபோ கவிழ்ந்தால் நடந்து போய் நிமிர்த்திவிடலாம்.

இந்த மையத்தில்தான் 2016 டிசம்பரில் ‘கோசென்’ மாணவர்களுக்கான உலை அகற்றும் ரோபோப் போட்டி முதன்முதலில் நடந்தது. கோசென் என்பவை 15 வயதில் சேர்ந்து ஐந்தாண்டுகள் படிக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகள், நம் பாலிடெக்னிக்குகளுக்கு நெருக்கமானவை. மாணவர்கள் ரோபோவைக் கண்ணால் பார்க்கக் கூடாது, கேமராப் படத்தை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். நேரக் கட்டுப்பாடு உண்டு. திரையில் படிக்கட்டு தட்டையாகத் தெரிகிறது. விளிம்பு ஒரு சாண் தள்ளி இருக்கிறதா, ஒரு முழம் தள்ளி இருக்கிறதா என்று படத்தில் பிடிபடாது. பின்னால் இழுபடும் கேபிள் எந்த மூலையில் மாட்டியது என்று முன்பக்கக் கேமரா காட்டாது. பதினேழு வயதில் இந்தத் தவிப்பை அனுபவித்த ஒருவருக்கு, பின்னால் இரண்டாவது கேமரா எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

விபத்து நடந்த இடங்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில், கூரையிலிருந்து தொங்கும் தண்டவாளத்தில் ஓடும் ரோபோக்கள் மனிதருக்கு முன்னால் போய்க் கதிர்வீச்சை அளந்து வருகின்றன.

நம் கல்பாக்கத்திலும் இந்தக் கலை பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், கதிரியக்கப் பொருளை அடைத்து வைத்துக் கையாளும் ‘ஹாட் செல்’ அறைகளுக்கு வெளியே, தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஈயக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, வெளியே கை அசைவதை உள்ளே அப்படியே செய்யும் மாஸ்டர்-ஸ்லேவ் மானிப்புலேட்டர் கொண்டு, உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அறுத்துச் சோதிக்கிறார்கள். கசப்பான பாடமும் அதே கல்பாக்கத்தில் உண்டு. 2003 ஜனவரியில் அங்குள்ள அணு எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு, வீரியம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் கலந்துவிட்டது. அந்த அறையில் கதிர்வீச்சை அளக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லை. வழக்கமான வேலை என்று உள்ளே போன ஆறு பணியாளர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை டோஸ் வாங்கினார்கள். நம் நாட்டில் ஒரு பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஃபுகுஷிமாவின் குழாய் வரிசையும் கல்பாக்கத்தின் அந்தத் தொட்டியும் ஒன்றையே காட்டுகின்றன. ‘சாதாரண வேலை’ என்று பெயர் வைத்த இடத்தில்தான் யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை.

பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு பயிற்சி கொடுக்கும் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி மும்பையில் 1957-இல் தொடங்கியது, கல்பாக்கத்திலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்பவர்கள் மிகச் சிலர். புற்றுநோய் மருத்துவமனைகளில் கோபால்ட்-60 இயந்திரங்கள், மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கும் கதிர்வீச்சு ஆலைகள், வெல்டிங்கைச் சோதிக்கும் காமா கேமராக்கள் என்று கதிர்வீச்சோடு வேலை செய்யும் இடங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கெல்லாம் போகப் போகிறவர்கள் நம் சாதாரணக் கல்லூரிகளிலிருந்துதான் வருகிறார்கள்.

நம் கல்லூரிகளில் ரோபோப் போட்டி நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியில் மாணவருக்கும் மேடைக்கும் நடுவே ஒரு கறுப்புத் திரை கட்டுங்கள். ரோபோவுக்குக் கேபிள் பூட்டச் சொல்லுங்கள். படிக்கட்டின் அளவைத் தவறாகவே எழுதிக் கொடுங்கள். கவிழ்ந்த ரோபோவைத் தூக்க உள்ளே போகும் ஒவ்வொரு நொடிக்கும் மதிப்பெண் குறையுங்கள். வேலை பாதியில் இருந்தாலும் ரோபோவைப் பத்திரமாக வாசலுக்குக் கொண்டுவந்த அணிக்கு, வேலையை முடித்துவிட்டு உள்ளேயே சிக்கிக்கொண்ட அணியைவிட அதிக மதிப்பெண் கொடுங்கள். இதற்கு ஆய்வகமோ பெரிய நிதியோ தேவையில்லை, இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.