அருவி நீரிலும் கடல் மணலிலும் விண்மீன்கள்

தனிம வரிசை அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள், இத்தனை தனிமங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. திற்பரப்பில் அறிவியல் கற்பிக்கும் நான் அந்தக் கேள்வியை அருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

கோதையாற்று நீரிலுள்ள ஹைட்ரஜன், சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பில் தோன்றியது. ஆக்சிஜன் பின்னர் விண்மீன்களில் உருவானது. விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்தால் கார்பன். அதனுடன் இன்னொன்று சேர்ந்தால் ஆக்சிஜன். மிகப் பெரிய விண்மீன்களில் அணுக்கரு இணைவு இரும்பு வரை தொடர்கிறது. அதற்கு மேல் இணைவு ஆற்றலைத் தராது; எடுத்துக்கொள்ளும். எனவே மையம் தன் எடையைத் தாங்காமல் சரிய, விண்மீன் வெடித்துத் தனிமங்களை வீசுகிறது.

இரும்பைவிடக் கனமானவை பெரும்பாலும், மின்சுமையற்ற நியூட்ரான்கள் அணுக்கருவுக்குள் நுழைவதால் உருவாகின்றன. நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் உள்ள தோரியம் அத்தகையது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 1400 கோடி ஆண்டுகள். ஆகவே இன்னும் எஞ்சியிருக்கிறது. நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது கனத் தனிமங்கள் உருவாவதற்கு, 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான மோதல் சான்று தந்தது.

1983ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை, விண்மீன்களின் பரிணாமத்தை ஆராய்ந்த சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகரும், தனிமங்களின் தோற்றத்தை ஆராய்ந்த ஃபௌலரும் பகிர்ந்துகொண்டனர்.

வகுப்பில் நீர், உப்பு, ஆணி, மோனசைட் ஆகியவற்றின் தனிமங்களை ‘பெருவெடிப்பு’, ‘இரும்பு வரை’, ‘இரும்புக்கு அப்பால்’ என மூன்று கட்டங்களில் எழுதச் செய்யலாம். எல்லாத் தனிமங்களும் விண்மீனில் பிறந்தவை என்ற தவறான கருத்து அங்கேயே நீங்கும்.